சோப்பு உறையைப் பதம் பிரித்தல்

பகுபத உறுப்பிலக்கணம் நடத்தும் நாள்களில் மாணவர் முகங்களில் ஓர் அயர்வு படர்வதைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். ‘நடந்தனன்’ என்பதைப் பகுதி, விகுதி, இடைநிலை, சந்தி, சாரியை, விகாரம் என்று பிரித்து என்ன ஆகப்போகிறது என்னும் கேள்வி எந்த வகுப்பிலும் வாய்விட்டுக் கேட்கப்படுவதில்லை. ஆனால் எப்போதும் அங்கே இருக்கிறது. சென்ற பருவத்தில் ஒரு மாணவி வேறு வழியில் அதைக் கேட்டார். விடுதிக் கடையில் வாங்கிய சோப்பின் உறையை நீட்டி, “இதைப் பிரித்துக் காட்ட முடியுங்களா ஐயா?” என்றார். வகுப்பு சிரித்தது. நாமும் சிரித்தோம்.

உறையின் பின்புறம், கண்ணாடி அணிந்தாலும் எளிதில் படிக்க இயலாத எழுத்தில், ஆங்கிலத்தில் ஒரு வரிசை இருந்தது. சோடியம் பாமேட், சோடியம் பாம் கெர்னலேட், நீர், டால்க், கிளிசரின், நறுமணம், சோடியம் குளோரைடு, டைட்டானியம் டையாக்சைடு, டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ., பிறகு நிறங்களின் எண்கள். நாள்தோறும் மேனியில் தேய்க்கும் பொருளின் பெயர்களை வாய்விட்டுப் படிக்கவே நமக்கு நா தடுமாறியது. அன்று விளையாட்டாகத் தொடங்கியது, விடுமுறை முழுவதும் சோப்பின் வரலாற்றைத் தேடிப் படிக்க வைத்தது. அதன் சாரத்தை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் மாணவியின் கேள்விக்கு விடை. இந்தச் சொற்களைப் பிரிக்க முடியும். ‘பாமேட்’ என்பதில் ‘பாம்’ பகுதி, ‘ஏட்’ விகுதி. பகுதி எந்தக் கொழுப்பு என்பதைச் சொல்கிறது. விகுதி, அந்தக் கொழுப்பு காரத்தோடு சேர்ந்து உப்பாக மாறிவிட்டது என்பதைச் சொல்கிறது. முன்னே நிற்கும் ‘சோடியம்’ எந்தக் காரம் என்பதைக் காட்டுகிறது. ஆக, சோடியம் பாமேட் என்பது பாமாயிலும் எரிசோடாவும் சேர்ந்து பிறந்த சோப்பு. சோடியம் கோகோயேட் தேங்காயெண்ணெய்ச் சோப்பு. சோடியம் ஆலிவேட் ஆலிவ் எண்ணெய்ச் சோப்பு. சோடியம் டாலோயேட் என்றிருந்தால் அது மாடு அல்லது ஆட்டின் கொழுப்பிலிருந்து வந்தது. பகுதியை மட்டும் பிடித்துக்கொண்டால் போதும். சோப்பின் குலம் தெரிந்துவிடும்.

புணர்ச்சி விகாரங்கள் மூன்றும்கூட இதில் உண்டு. கொழுப்பு சோப்பாகத் திரிகிறது. எரிசோடா கெடுகிறது, அளவு சரியாக இருந்தால் முடிந்த கட்டியில் அது மிஞ்சுவதில்லை, ஆகவே பெரும்பாலான உறைகளில் அதன் பெயரும் இருப்பதில்லை. முன்பு தனியே காணப்படாத கிளிசரின் தோன்றுகிறது. இதைச் சொன்னபோது வகுப்பு சிரிக்கவில்லை.

*

சோப்பு என்றால் கொழுப்பும் காரமும். இவ்விரண்டில் நம் மொழி நினைவில் வைத்திருப்பது காரத்தை மட்டுமே. சவுக்காரம் என்கிறோம், ஈழத்தில் சவர்க்காரம் என்கிறார்கள். இரண்டிலும் காரம் வெளிப்படையாக நிற்கிறது, கொழுப்பைக் காணோம். அதற்குக் காரணம் இருக்கிறது. சலவைக்குத் தமிழ் நிலத்தில் முதலில் பயன்பட்டது காரம் நிறைந்த உவர்மண்தான். புறநானூற்றின் 311ஆம் பாடலில் ஔவையார், களர் நிலத்தில் தோண்டிய கிணற்று நீரில் நாள்தோறும் புலைத்தி வெளுத்துத் தரும் தூய வெள்ளாடையைப் பற்றிப் பேசுகிறார். உரையாசிரியர்கள் விரைந்து கடந்துபோகும் ஒரு செய்தி இதில் உள்ளது. அந்தப் பெண் நன்னீர்க் கிணற்றைத் தேடவில்லை. களர் நிலத்தைத் தேடிப்போனாள். ஆடையில் படிந்த உடலின் எண்ணெய்ப் பசையோடு அந்த நீரின் காரம் கூடும்போது, துணியின்மேலேயே சிறிதளவு சோப்பு உண்டாகிறது. கொழுப்பை அழுக்கே கொடுத்துவிடுவதால் காரம் மட்டும் போதுமானதாக இருந்தது.

உடலுக்கோ நாம் காரத்தைப் பயன்படுத்தவில்லை. பயற்றம் மாவு, சிகைக்காய், பூந்திக்கொட்டை ஆகியவை வேறு வழியில் வேலை செய்பவை. சிகைக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் நுரைப்பது சபோனின் என்னும் பொருள். அந்தப் பெயரின் பகுதியாகிய ‘சபோ’ இலத்தீனில் சோப்பைக் குறிப்பது.

அந்தச் சொல்லை எழுத்தில் பதித்தவர்களுள் முந்தியவர் கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய அறிஞர் பிளினி. ஆட்டுக்கொழுப்பையும் பீச் மரச் சாம்பலையும் கொண்டு கோல் நாட்டார் செய்யும் ஒரு பொருள் அது என்றும், தலைமயிரைச் சிவப்பாக்க உதவுகிறது என்றும் எழுதினார். குளிப்பதற்கு என்று அவர் சொல்லவில்லை. ஆனால் செய்முறை முழுமையாக இருக்கிறது: கொழுப்பும் காரமும்; அதிலும் எந்த விலங்கு, எந்த மரம் என்ற விவரத்தோடு. சோப்பின் உட்பொருள் பட்டியல் என்று எதையாவது முதலில் சொல்ல வேண்டுமானால் இதைச் சொல்லலாம்.

*

‘இதில் என்ன இருக்கிறது’ என்ற கேள்வி சட்டமாக மாறியது பிரான்சில். மார்செய் நகரம் ஆலிவ் எண்ணெய்ச் சோப்புக்குப் பெயர்பெற்றது. பெயர் பெற்ற பொருளில் கலப்படம் வருவது எங்கும் உள்ள வழக்கம். 1688இல் பதினான்காம் லூயியின் ஆணை ஒன்று, சோப்பில் தூய ஆலிவ் எண்ணெயைத் தவிர வேறு கொழுப்பையோ வெண்ணெயையோ சேர்க்கக் கூடாது என்றும், மீறினால் சரக்கு பறிமுதல் செய்யப்படும் என்றும் விதித்தது. இன்றும் மரபான மார்செய் சோப்புக் கட்டியின்மேல் 72 விழுக்காடு என்ற முத்திரை இருக்கும். எதன் கொழுப்பு என்பதோடு எவ்வளவு என்பதையும் கட்டியின் முகத்திலேயே பொறிக்கும் வழக்கம் அது. உறையைக் கிழித்து எறிந்தாலும் எண் கையில் இருக்கும்.

காரத்தின் கதை சற்றுத் துயரமானது. சாம்பலிலிருந்தும் கடற்கரைச் செடிகளை எரித்தும் எடுத்த காரம் வளரும் தொழிலுக்குப் போதவில்லை. சாதாரண உப்பிலிருந்து சோடாவை எடுக்கும் வழியைக் கண்டவர் நிக்கோலா லெப்லான் என்ற பிரெஞ்சு மருத்துவர். 1791இல் காப்புரிமை பெற்றார். அவருக்கு முதல் கொடுத்த ஆர்லியான் கோமகன் 1793இல் கில்லட்டினில் மடிந்தார், தொழிற்சாலை பறிமுதலானது. பின்னர் அது திரும்பக் கிடைத்தபோது நடத்தக் கையில் பணமில்லை. 1806இல் லெப்லான் தற்கொலை செய்துகொண்டார். அவர் முறையில் செய்த சோடாதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சோப்பை எளியவர் வீட்டுக்கும் கொண்டுசேர்த்தது.

சோப்பு என்பது உண்மையில் என்ன என்பதை விளக்கியவர் மிஷெல் யூழேன் செவ்ரல். கொழுப்பு என்பது கொழுப்பமிலங்களும் கிளிசரினும் கூடியது, காரம் அவற்றைப் பிரிக்கிறது என்று 1823இல் வெளியான நூலில் நிறுவினார். அதுவரை மனிதர்கள் கைப்பழக்கத்தால் செய்துவந்த ஒன்று அன்று முதல் அறிவால் செய்யும் ஒன்றாயிற்று. பனைக்குலத்துப் பாமாயிலும் மாட்டுக்கொழுப்பும் கடினமான, எளிதில் கரையாத கட்டியைத் தரும். தேங்காயெண்ணெயும் பாம் விதையின் பருப்பெண்ணெயும் பொங்கும் நுரையைத் தரும். உப்புநீரில்கூட நுரைப்பது தேங்காயெண்ணெய்ச் சோப்பு. இந்த வேறுபாடுகளுக்கெல்லாம் அவற்றிலுள்ள கொழுப்பமிலங்களின் வேறுபாடே காரணம். நம் மாணவியின் உறையில் பாமேட்டும் பாம் கெர்னலேட்டும் இணைந்து நின்றதன் பொருள் இதுதான். ஒன்று உறுதிக்கு, மற்றொன்று நுரைக்கு.

*

1888இல் லீவர் சகோதரர்களின் சன்லைட் சோப்புப் பெட்டிகள் கல்கத்தாத் துறைமுகத்தில் வந்திறங்கின. அவற்றோடு ஒரு சந்தேகமும் இந்நாட்டில் இறங்கியது: எதன் கொழுப்பு? பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் தடவிய தோட்டாக்கள் என்ற பேச்சு 1857இல் என்ன செய்தது என்பதை மறவாத நாடு இது. வாயில் கடிக்கும் தோட்டாவுக்கு எழுந்த கேள்வி, மேனியில் தேய்க்கும் கட்டிக்கு எழாமல் இருக்குமா?

அந்தக் கேள்விக்கு உள்நாட்டில் விடை தேடியவர்கள் பலர். அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த கோழிக்கோட்டில், மீன்வளத் துறையை வளர்த்த ஃப்ரெடரிக் நிக்கல்சனின் முயற்சியால் 1914இல் அரசுச் சோப்புக்கூடம் தொடங்கியது. முதல் உலகப்போரால் சந்தன ஏற்றுமதி தடைப்பட்டபோது மைசூர் அரசு 1916இல் சந்தன எண்ணெய் வடிக்கத் தொடங்கி, 1918இல் பெங்களூரில் அந்த எண்ணெயைச் சேர்த்துச் சோப்புச் செய்தது. பூட்டுத் தொழிலில் பெயர்பெற்றிருந்த அர்தேஷிர் கோத்ரேஜ் தாவர எண்ணெயால் மட்டும் செய்த சோப்பை 1918இல் வெளியிட்டார். பூட்டுக்காரரின் சோப்புக்கு வைத்த பெயர் ‘சாவி’. விலங்குக் கொழுப்பில்லாத சோப்பு மார்செய்க்குப் பழையதுதான். ஆனால் இங்கே அது சுதேசி உணர்வோடும் சமய உணர்வோடும் சேர்ந்து புதிய பொருள் கொண்டது.

சந்தேகம் அதோடு அடங்கவில்லை. 1983இல், வனஸ்பதியில் மாட்டுக்கொழுப்புக் கலந்த விவகாரம் வெடித்து, விலங்குக் கொழுப்பின் இறக்குமதி தடை செய்யப்பட்டது. அதுவரை இறக்குமதிக் கொழுப்பைப் பெரிதும் நம்பியிருந்த சோப்புத் தொழில் தாவர எண்ணெய்களின் பக்கம் திரும்ப நேர்ந்தது. பிற நாட்டுச் சோப்புகளில் இன்றும் காணப்படும் டாலோயேட், நம் கடைகளின் பெரும்பாலான உறைகளில் இல்லாமல் போனதற்குப் பின்னால் இந்த வரலாறு இருக்கிறது.

நம் பாட்டி கடைசிவரை சோப்பைத் தொடவில்லை. பயற்றம் மாவுதான். “எந்தச் சீவனோட கொழுப்போ, யாரு கண்டா?” என்பார். அவருடைய அக்கறையை நாம் மதித்தோம், இன்றும் மதிக்கிறோம். ஆனால் அதே பாட்டி, வாரந்தோறும் வெளுத்த துணியைக் கொண்டுவரும் அம்மாவைக் கொல்லைப்புறத்து வாசலோடு நிறுத்தியதும் நினைவில் இருக்கிறது. களர்நீரில் வெள்ளாடை வெளுத்த புலைத்திக்கும் அந்த அம்மாவுக்கும் நடுவே ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகள். தூய்மையை உண்டாக்கியவர்களையே தூய்மையற்றவர்கள் என்று ஒதுக்கிய மரபில் நின்றுகொண்டு, ‘எதன் கொழுப்பு’ என்று மட்டும் நாம் உரத்துக் கேட்டுவந்திருக்கிறோம். சொல்லத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதைச் சொல்லாமல் சோப்பின் வரலாற்றை எழுத முடியாது.

*

கேட்கப்படாத கேள்விகள் இரண்டு. ஒன்று: யாருடைய உழைப்பு?

விலங்குக் கொழுப்பின் இடத்தைப் பெரிதும் பிடித்த பாமாயிலின் தாயகம் மேற்கு ஆப்பிரிக்கா. 1911இல் லீவர் நிறுவனம் பெல்ஜியக் காங்கோ அரசோடு ஒப்பந்தம் செய்து, ஏழரை இலட்சம் எக்டேர் வரை நிலம் கொள்ளும் உரிமை பெற்றது. லீவர்வில் என்று ஓர் ஊரே எழுந்தது. அங்கே பழக்குலைகளை வெட்டக் கட்டாய உழைப்பு எவ்வாறு பயன்பட்டது என்பதைப் பெல்ஜிய வரலாற்றாய்வாளர் ஜூல் மார்ஷல் ஆவணங்களைக் கொண்டு விரிவாக எழுதியிருக்கிறார். தாவரக் கொழுப்பு என்பதாலேயே அது பாவமற்றதாகிவிடவில்லை.

மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாக எண்ணெய்ப்பனை நடப்பட்டது 1917இல், கோலா சிலாங்கூரில் உள்ள ஒரு தோட்டத்தில். அதை நடுவித்தவர் ஆன்றி ஃபோக்கோனியே என்னும் பிரெஞ்சுக்காரர். பின்னாளில் ‘மலேசி’ என்ற நாவலுக்காக 1930இல் கோன்கூர் பரிசு பெற்றவர். இலக்கிய வாசகர்களுக்கு இது சுவையான செய்தி. நம்மை நிறுத்தி வைத்தது வேறொன்று. அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம். எண்ணெய்ப்பனையின் மலாயா வரலாறு, தமிழ்ப்பெயர் தாங்கிய ஒரு தோட்டத்தில் தொடங்குகிறது. பிற்காலத்தில் அந்நாட்டின் ரப்பர்த் தோட்டங்கள் பல எண்ணெய்ப்பனைக்கு மாறியபோது, பால்மரம் வெட்டிய தமிழர்கள் பலர் குலை வெட்டுபவர்களானார்கள். பலர் தோட்டத்தைவிட்டே வெளியேற நேர்ந்தது. நியாயவிலைக் கடைப் பாமாயிலிலும் குளியலறைச் சோப்பிலும் அந்த நிலத்தின் பங்கு இருக்கிறது. சோடியம் பாமேட் என்ற சொல்லின் பகுதியைப் பிரித்தபோது, இவ்வளவு அண்மையில் நம் உறவினர்கள் நிற்பார்கள் என்று நாம் எண்ணவில்லை.

*

கேட்கப்படாத இரண்டாம் கேள்வி: எவ்வளவு கொழுப்பு?

இந்தியத் தர நிர்ணயத்தில் இதற்கு ஓர் அளவு உண்டு. மொத்தக் கொழுப்புப் பொருள், உறையில் டி.எஃப்.எம். என்ற மூன்றெழுத்து. குளியல் சோப்பில் முதல் தரத்துக்குக் குறைந்தது 76 விழுக்காடு, இரண்டாம் தரத்துக்கு 70, மூன்றாம் தரத்துக்கு 60. இந்த மூன்றிலும் அடங்காத இன்னொரு வகை உண்டு. அதற்கு உறையில் ‘சோப்பு’ என்ற பெயர் இராது. ‘பாத்திங் பார்’, அதாவது குளியல் கட்டி, என்றிருக்கும். அதற்குக் குறைந்த அளவு 40 விழுக்காடுதான். அதே வடிவம், அதே மணம், அதே நடிகையின் படம். சொல் ஒன்றுதான் மாறியிருக்கும். சொல் மாறினால் பொருள் மாறும் என்பதைத் தமிழ் வகுப்பில் இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

மீதமுள்ள இடத்தில் நீர் இருக்கும். டால்க், வெண்களிமண், மாவுப்பொருள் போன்ற நிரப்பிகள் இருக்கலாம். இவை நஞ்சல்ல, சிறிதளவு டால்க் கட்டிக்கு வழவழப்பும் தரும். ஆனால் உட்பொருள்கள் பொதுவாக அளவில் கூடியது முதலாக எழுதப்படுகின்றன. வரிசையில் நிரப்பி மேலே ஏற ஏற, நாம் விலை கொடுத்து வாங்கும் சோப்பு குறைகிறது என்று பொருள். 40 விழுக்காட்டுக் கட்டி நீரில் விரைந்து கரைந்து குழைகிறது. ஒன்றாம் தேதி வாங்கியது பத்தாம் தேதியே தீர்ந்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் விலை பார்த்து மலிவானதை எடுத்தவர்களே. நூறு கிராம் கட்டி இரண்டை எடுத்து, விலையை உறையிலுள்ள விழுக்காட்டால் வகுத்துப் பார்த்தால், மலிவானது சில நேரம் மலிவாக இராது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கொழுப்பு அளவு ஒன்றே எல்லாவற்றையும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு உயர்ந்த சோப்பும் காரத்தன்மை உடையதே, அதன் பி.எச். அளவு பொதுவாக 9 முதல் 10 வரை. நம் தோலின் மேற்பரப்போ மென்மையான அமிலத்தன்மை கொண்டது, 5க்கு அருகில். முதல் உலகப்போரில் கொழுப்புப் பஞ்சம் கண்ட ஜெர்மனியில் சோப்பில்லாத செயற்கைச் சலவைப் பொருள்கள் பிறந்தன. அந்த வழியில் 1950களில் அமெரிக்காவில், சோடியம் ஐசெதியோனேட் வகைப் பொருள்களைக் கொண்ட மென்மையான குளியல் கட்டிகள் வந்தன. அவற்றை டி.எஃப்.எம். கொண்டு அளப்பது சரியாகாது. வறண்ட தோலுக்கு அவையே இதமாக இருக்கக்கூடும். ஆக, உறையில் ஐசெதியோனேட் முதலில் நின்றால் அது வேறு குலம். பாமேட் முதலில் நின்றால் எண்ணைப் பார்க்க வேண்டும்.

பட்டியலின் கடைசியில் நிற்கும் சிறு பெயர்களுக்கும் வேலை உண்டு. இ.டி.டி.ஏ. என்பது உலோக அயனிகளைப் பிடித்துவைத்துக் கட்டி நிறம் மாறாமலும் சிக்கு வாடை வராமலும் காப்பது. நம் ஊர்க் கடினநீரில் வாளியின் ஓரத்தில் படியும் வெண்பாசி, நீரிலுள்ள சுண்ணமும் மக்னீசியமும் சோடியத்தைத் தள்ளிவிட்டு அமர்ந்துகொள்வதால் வருவது. டைட்டானியம் டையாக்சைடு வெண்மைக்காக. கிருமிகொல்லி என்று சேர்க்கப்படுபவற்றில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். ட்ரைக்ளோசான் உள்ளிட்ட 19 பொருள்களை, சாதாரணச் சோப்பைவிடச் சிறந்தவை என்பதற்கும் நெடுநாள் பயன்பாட்டுக்கு ஏற்றவை என்பதற்கும் போதிய சான்று தரப்படவில்லை என்று கூறி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2016இல் வீட்டு உபயோகக் கழுவுபொருள்களிலிருந்து விலக்கியது. கொழுப்பும் காரமும் சேர்ந்த பழைய புணர்ச்சியே கைகழுவப் போதும் என்பது அதன் உட்பொருள்.

*

பருவ முடிவில் அந்த மாணவி ஒரு வெள்ளைத்தாளைக் கொண்டுவந்தார். விடுதிக் கடையில் விற்கும் ஏழு சோப்புகளின் பெயர், எதன் கொழுப்பு, எத்தனை விழுக்காடு, சோப்பா கட்டியா, விலை என்ற ஐந்து பத்திகள். எல்லாம் தமிழில், தெளிவான பெரிய எழுத்தில். ‘மொத்தக் கொழுப்புப் பொருள்’ என்பதன் கீழே, ‘இது கூடினால் கட்டி நீடிக்கும்’ என்று ஒரு குறிப்பு. விடுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்போவதாகச் சொன்னார். ஒரு படி வீட்டுக்கும் அனுப்பியிருக்கிறார். அவருடைய அம்மா ஊரில் துப்புரவுப் பணியாளர். மாதத்துக்கு நான்கு கட்டி வாங்குபவர், இனி மூன்று வாங்கினால் போதுமா என்று கேட்டாராம்.

தாளில் ஒரே ஒரு ஒற்றுப்பிழை இருந்தது. திருத்திக் கொடுத்தோம்.